பஞ்சாலையின் வெள்ளை

பெடாஸ் பட்டணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால், செம்பனை மரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு வீடுகள் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒரு தோட்டம் வரும். கடைசி வரிசையில் மூன்றாவது வீடு பஞ்சாலை என்பவளுடையது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதி முடிந்த மூன்றாம் நாள் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தெட்டு. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வாக்கப்பட்டவள் என்றாலும் ஒரு நாள்கூட அவள் தோட்ட வேலை செய்ததில்லை. செனவாங் தொழிற்சாலைகள் ஆள் போதாமல் தோட்டம் தோட்டமாகப் பேருந்து விட்ட காலத்தில், பத்தொன்பது வயதில் அவளும் ஏறினாள். காலை ஐந்தே காலுக்கு அந்தப் பேருந்தின் வெளிச்சம் மரங்களுக்கு இடையில் வளைந்து வருவதைப் பார்க்காத வேலைநாள் அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவில்லை.

முதலில் சேர்ந்த இடத்தில் ஒலிநாடாப் பெட்டி செய்தார்கள். அது மூடியதும் அடுத்த தெருவில் இருந்த தொழிற்சாலைக்கு மாறினாள். அங்கே திரைகள். முதலில் கடைகளில் வைக்கும் சின்னத் திரைகள், பிறகு கார்களுக்குள்ளே முன்பலகையில் பதிக்கிற திரைகள். அங்கே மட்டும் இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது.

பஞ்சாலைக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. சேர்ந்து சில வருடங்கள் கழித்து, இயந்திரம் நல்லது என்று தள்ளிவிட்ட அறுநூறு திரைகளில் ஒன்றை அவள் தனியாக எடுத்து வைத்தாள். "இதுல மேகம் மாதிரி ஒரு அழுக்கு நிக்குது" என்றாள். பொறியாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்தபோது, உள்ளே பசை பரவியிருந்தது மேகமாகத்தான் தெரிந்தது. அறுநூறும் அப்படியே. அன்று முதல் அந்த உற்பத்தி வரிசையில் "அக்காவக் கேளு" என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. தோட்டத்தில் மேஸ்திரியான மண்டோர் வாயால் சொன்னதைக் கணக்கெழுதும் கிராணி ஏட்டில் எழுதுகிற மாதிரி, பஞ்சாலை சொல்வாள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், லோரியிலிருந்து சாலையில் சிந்திக் கிடந்த செம்பனைப் பழங்களில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து அவளுடைய வலது முட்டி போனது. அவள் கணவர் இராஜமாணிக்கம் ஓட்டுவது செம்பனைக் குலை ஏற்றும் லோரி. "உங்க பழந்தான் என் முட்டிய ஒடச்சுது" என்று அவள் சொல்லாத மாதம் கிடையாது. அவரும் "அன்னிக்கு நான் லீவுலா" என்று சொல்லாத மாதம் கிடையாது. முட்டி போனபிறகு அவளைப் பரிசோதனை மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். ஒரே ஒரு நாற்காலி. அதை விட்டால் பெட்டி கட்டும் இடம், அங்கே எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அறுபதில் ஓய்வு பெற இப்போது இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. அந்த நாற்காலி இருந்தால் ஓட்டிவிடலாம், இல்லாவிட்டால் முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

போன தீபாவளிக்கு இராஜமாணிக்கம் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி வாங்கினார். புது ரகம். போட்ட அன்றே பஞ்சாலை முகத்தைச் சுளித்தாள்.

"செய்தி வாசிக்கிற பொண்ணு என்னாங்க, வெயில்ல நின்னுட்டு வந்தவ மாதிரி செவந்து போயிருக்கா?"

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

இரண்டு நாள் மாலை முழுவதும் அவள் பொத்தான்களை அழுத்தித் திருத்தினாள். அவள் வேலைக்குப் போனதும் அவர் பழையபடி மாற்றினார். "நீ வச்சா அந்தப் பொண்ணுக்குக் காமாலை வந்த மாதிரி இருக்குலா" என்றார். அவள் வந்து திரும்பவும் மாற்றினாள். ஒருவர் பிடிவாதம் மற்றவருக்குத் தெரிந்ததுதான் என்பதால் இரண்டு பேருமே அதைக் கண்ணோடு சேர்த்து யோசிக்கவில்லை.

தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் தொழிற்சாலைக்குப் புதிய மாடல் வந்தது. காரின் முன்பலகை முழுக்க நீளும் ஒரே கண்ணாடி, அதன் பின்னால் இரண்டு திரைகள். ஓட்டுபவர் முன்னால் இருக்கும் வலதுபக்கத் திரை பழைய ரகம். பாட்டும் வரைபடமும் வருகிற இடதுபக்கத் திரை புது ரகம். இரண்டையும் வெள்ளையாக ஏற்றினால் ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதைப் பார்ப்பதற்கு ஒரு மீட்டர் உண்டு. கறுப்பு மூக்கு வைத்த கருவி அது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினால் எண் காட்டும். இரண்டு பக்கமும் எண் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு ஒரு மனிதக் கண்ணும் பார்க்க வேண்டும் என்பது விதி.

முதல் நாள் முதல் திரையிலேயே பஞ்சாலை கையைத் தூக்கினாள். வரிசைத் தலைவி கோமளா வந்தாள். ரஹாங்கிலிருந்து வருகிறவள், முப்பத்துமூன்று வயது. படிப்பினால் தலைவியானவள், ஆனால் பஞ்சாலையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கோமு, இங்க பாரு. எடது பக்கம் ரோஸ் அடிக்குது."

கோமளா குனிந்து பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"ஆமாக்கா. லேசா."

"லேசாவா? பாலுல ரெண்டு சொட்டு ரோஸ் சிராப் விட்ட மாதிரி இருக்கு, லேசாங்குற."

மீட்டரைக் கவனிக்கும் புனிதனைக் கூப்பிட்டார்கள். நாற்பதை நெருங்குகிற ஆள், ஒப்பந்த வேலை. "மீட்டர் பச்ச வெளக்கு காட்டுதேக்கா" என்று தலையைச் சொறிந்தான்.

"காட்டும். காடி ஓட்டப்போறது மீட்டரா, மனுசனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புனிதனும் சிரித்துக்கொண்டே இடதுபக்கத் திரையின் அளவைத் தட்டித் தட்டி மாற்றினான். "இப்ப?" என்றான். இன்னும் கொஞ்சம் என்றாள். "இப்ப?" இன்னும். கடைசியில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆங், நில்லு. இதான் வெள்ள. என்னா புள்ளைங்களா?"

"இதான்கா வெள்ள" என்றார்கள் எல்லோரும்.

இப்போது மீட்டர் ஒத்துக்கொள்ளாமல் சிவப்பு விளக்கைக் காட்டியது. அதற்குள்ளே ஒரு திருத்த எண்ணைப் போட்டால் அதுவும் ஒத்துக்கொள்ளும். அப்படிப் போடுவதற்கு ஒரு தாள் நிரப்பி, தலைவியும் பொறியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய பொறியாளர் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. "அப்புறம் எழுதிக்கலாம், அக்கா பாத்தாச்சில்ல" என்றாள் கோமளா. புனிதன் எண்ணைப் போட்டான். மீட்டரும் பஞ்சாலையின் பக்கம் சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காவது வாரம் கார் தொழிற்சாலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு திரைகள் திரும்பி வந்தன. இடது பக்கம் பச்சையாகத் தெரிகிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

அதே வாரம்தான் புதுப் பொறியாளர் மகிந்தன் வேலைக்குச் சேர்ந்தார். லோபாக்கில் வளர்ந்தவர், யாழ்ப்பாணத்து வம்சம், வயது முப்பதைத் தொடவில்லை. பேச்சு குறைவு. சோதனைக் கூடத்திலிருந்து வேறொரு மீட்டரைக் கொண்டு வந்து வரிசையிலிருந்த மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் திருத்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த நம்பர யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றான் புனிதன்.

"யார் சொல்லி?"

புனிதன் தரையைப் பார்த்தான். பெண்கள் எல்லோரும் தங்கள் கையுறைகளைப் பார்த்தார்கள். புனிதனின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மகிந்தன் மறுபடி கேட்கவில்லை. "நாளைக்குச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

திரும்புகிற பேருந்தில் அன்று யாரும் தூங்கவில்லை. குமுதவல்லி முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தோட்டத்துக்காரி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள்.

"மீட்டர் பழசு, தானா மாறிடுச்சுன்னு சொல்லிடலாம்லா."

"நம்பர் தானா மாறுமா? பேயா வந்து அமுக்குச்சு?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"பேக்டரியில பேய் இல்லன்னு யாரு சொன்னா? டாய்லட்டுல போய்ப் பாரு."

சிரிப்பு அடங்கியதும் குமுதவல்லி குரலைத் தாழ்த்தினாள். "எது எப்படியோ, அக்கா பேர யாரும் எடுக்கக்கூடாது. அக்கா கண்ணு தப்பாவே பாக்காது. அந்த காடிக்காரனுங்க கண்ணுலதான் கோளாறு."

பஞ்சாலை ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கும் தன் கண்ணைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. ரோஸ் அடித்ததை அவள் பார்த்தாள், எடுத்தாள். அதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. புனிதனைப் பற்றித்தான் யோசித்தாள்.

வீட்டில் இராஜமாணிக்கம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தைலப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ வாயத் தொறக்காத. பேக்கிங்ல கொண்டுபோய் நிக்க வச்சா உன் முட்டி ஒரு மாசம் தாங்காது."

"புனிதனுக்கு வேல போயிடும்ங்க."

"அவன் வேற எடம் தேடிக்குவான். உனக்கு வேற முட்டி எங்க தேடுறது?"

அவள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் என்பதால், அவள் பதில் சொல்லாவிட்டால் என்ன முடிவெடுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பேருந்தை விட்டு இறங்கியதும் பஞ்சாலை நேராக மகிந்தனின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், கை புனிதனுது. கண்ணு என்னுது. நான்தான் மாத்தச் சொன்னேன்."

மகிந்தன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ரோஸா இருந்துச்சு, மாத்தச் சொன்னேன். இப்பவும் பழைய நம்பர் போட்டுக் காட்டுங்க, ரோஸ்னுதான் சொல்லுவேன். நான் பொய் சொல்லல."

"பொய்னு சொல்லலக்கா. கடைசியா எப்ப கண் டெஸ்ட் பண்ணீங்க?"

"வேலைக்குச் சேர்றப்ப. அந்தப் புள்ளிப் புத்தகத்தக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னாங்க. எல்லாம் படிச்சேன்."

"அது போதாது. வியாழக்கிழம சிரம்பான்ல ஒரு கிளினிக்ல முழு டெஸ்ட் ஏற்பாடு பண்றேன். அதுவரைக்கும்..." என்று மகிந்தன் இழுத்தார்.

"பேக்கிங்" என்று அவளே முடித்தாள்.

மூன்று நாள் நின்றாள். முதல் நாள் முட்டி கனத்தது. இரண்டாம் நாள் வீங்கியது. மூன்றாம் நாள் பேருந்துப் படியில் ஏற குமுதவல்லி பின்னாலிருந்து தாங்க வேண்டியிருந்தது. மேசையில் அவள் நாற்காலி காலியாகவே கிடந்தது, மரியாதைக்காக யாரும் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மருத்துவமனையில் அவள் முன் நான்கு தட்டுகளை வைத்தார்கள். எல்லாவற்றிலும் சேர்த்து எண்பத்தைந்து வண்ண வில்லைகள், சட்டைப் பொத்தான் அளவில். ரோஸிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து நீலம் என்று ஒவ்வொன்றும் அடுத்ததை விட ஒரு நூல் மட்டும் மாறியிருக்கும். கலைத்துப் போட்டதை வரிசைப்படுத்த வேண்டும். பஞ்சாலை அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் அடுக்கினாள். பரிசோதித்த மலாய்ப் பெண் தட்டுகளைத் திருப்பி அடியிலிருந்த எண்களைப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை பார்த்தாள். இரண்டே வில்லைகள் இடம் மாறியிருந்தன.

"மாத்தா மக்சிக் பாகூஸ்" என்றாள். அம்மாவின் கண் நல்ல கண் என்று அர்த்தம். இங்கே வருகிற இளவட்டங்களில்கூடப் பாதிப் பேருக்கு இப்படி வராது என்றும் சொன்னாள்.

அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஞ்சாலை தொழிற்சாலைக்குத் திரும்பினாள். கோயிலில் எழுதிப் போட்ட சீட்டு தன் பக்கம் விழுந்தவளைப் போலத்தான் நடந்தாள். மகிந்தன் அதை வாங்கிப் படித்தார். கண் பழுது என்று வந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் திருத்த எண்ணை எடுத்துவிட்டு ஒரு திரையை ஏற்றினார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்கா தெரியுது."

"எனக்கு எடது பக்கம் ரோஸ்."

இரண்டு பேரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்புறம் அவர் அவளைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். இந்த முறை உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் அவர் எதையெல்லாமோ படித்தார். சனிக்கிழமை கூடுதல் நேர வேலைக்கு வந்தபோது அவளைக் கூப்பிட்டு, ஒரு தாளில் இரண்டு படம் வரைந்து காட்டினார். ஒன்று மலை மாதிரி பரந்த கோடு. மற்றது மூன்று ஊசிகள்.

"வலது பக்கம் பழைய திரை. அதோட வெளிச்சத்துல எல்லா நிறமும் பரவிக் கிடக்கு. எடது பக்கம் புதுசு. அதுல செவப்பு, பச்ச, நீலம்னு மூணே மூணு ஊசிதான். மூணும் சேந்தா வெள்ளன்னு நமக்குத் தெரியுது. ஆனா அந்த ஊசிகள எல்லார் கண்ணும் ஒரே அளவுல வாங்கிக்கிறதில்ல. உங்க கண்ணு செவப்பக் கொஞ்சம் கூட வாங்குது."

"வயசாயிடுச்சுங்குறீங்களா?"

"வயசும் இருக்கு. பொறப்பும் இருக்கு. நோய் இல்ல."

"அப்ப அந்த மீட்டர்?"

"பல பேரோட கண்ண அளந்து எடுத்த சராசரிக் கண்ணு அது."

"யாரு கண்ணு?"

"யாரோட கண்ணும் இல்லக்கா."

பஞ்சாலை படத்தைப் பார்த்தாள். "அப்ப அதுவும் ஒரு ஆளுதான். லைன்ல நாங்க பன்னண்டு பேரு, அது பதிமூணாவது."

மகிந்தன் முதல் தடவையாகச் சிரித்தார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஆளுக்கு ஆள் மாறணும். உங்க லைன்ல மாறவே இல்லையே? கோமளாகூட ரோஸ்னுதான் சொல்றாங்க. பதினோரு பேரும் அதையேதான் சொல்றாங்க. அது எப்படி?"

"ஆமாக்கா, லேசா" என்ற கோமளாவின் குரல் பஞ்சாலையின் காதில் ஓடியது. குனிந்தவள் நிமிர எடுத்துக்கொண்ட நேரமும் நினைவுக்கு வந்தது.

"நான் பக்கத்துல நின்னேன் சார்" என்றாள் கடைசியில். "நான் நின்னா அதுங்க வாயில என் வார்த்ததான் வரும். நான் கேன்டீனுக்குப் போறேன். நீங்க ஒவ்வொருத்தியா கூப்பிட்டுக் காட்டுங்க. நான் ரோஸ்னு சொன்னேன்னு சொல்லாதீங்க. நான் சொன்னது தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க. அப்பதான் நெசத்தச் சொல்லுவாளுங்க."

கேன்டீனில் தே ஓ என்கிற பால் இல்லாத தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள். உள்ளே என்ன நடந்தது என்பதை மகிந்தன் பின்னால் தாளில் காட்டினார். பதினோரு பேரில் ஐந்து பேருக்கு இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. நான்கு பேருக்கு இடது பக்கம் லேசாகப் பச்சை. ஒருத்திக்கு மட்டும் லேசாக ரோஸ், அது குமுதவல்லி. மிச்சமிருந்த ஒருத்தி, பஞ்சாலை அந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன்னமே கேன்டீனுக்கு வந்து அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா கோமு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்குப் பச்சக்கா."

"எது?"

"எடது பக்கம். மொத நாள்லேர்ந்தே பச்ச. நீங்க ரோஸ்னு சொன்னப்பவும் பச்சதான். புனிதன் மாத்த மாத்த இன்னும் பச்சையாச்சு. கடைசியில பண்டான் எலயக் கசக்குன தண்ணி மாதிரி ஆயிடுச்சு."

பஞ்சாலை காலைக் கீழே இறக்கினாள். "அப்புறம் ஏன்டி லேசான்னு சொன்ன?"

"வேற என்னா சொல்றது? நீங்க இல்லாத அழுக்கயே கண்டுபுடிச்சவங்க."

"அது இருந்த அழுக்குடீ!"

"எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மூணு வாரமா மருந்து ஊத்திக்கிட்டு இருக்கேன். நாலு பாட்டில் காலி." கோமளா பையைத் திறந்து ஐந்தாவது பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி இருந்தது.

பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. கோமளாவும் சிரித்துவிட்டு உடனே அழுதாள். படி இருக்கிறது என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல் பஞ்சாலைக்கு இருந்தது. கோபம் வரவில்லை. இத்தனை வருடமாக "ஆமாக்கா" என்று கேட்டதில் எத்தனை ஆமா, எத்தனை அக்கா என்று மட்டும் யோசித்துப் பார்த்தாள். கணக்குக் கிடைக்கவில்லை. தே ஓவைக் கோமளாவின் பக்கம் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் பேச்சு நடந்தது. தாள் இல்லாமல் எண் போட்டதற்குப் புனிதனுக்கும் கோமளாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பொறியாளர் இல்லாமல் வரிசையை ஓட்டியது நிர்வாகத்தின் தவறு என்று மகிந்தன் எழுதிக் கொடுத்ததால், புனிதனின் ஒப்பந்தம் நீண்டது. பஞ்சாலை விஷயம் வந்தபோது மேலாளர் சுருக்கமாகச் சொன்னார்: ஊரோடு ஒத்துப்போகாத கண், திரைப் பரிசோதனைக்கு எதற்கு? பெட்டி கட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.

மகிந்தன் தன் தாளை மேசைமேல் விரித்தார். நடுவில் ஐந்து பேர். ஒரு கோடியில் கோமளா, மறு கோடியில் பஞ்சாலை.

"நடுவுல இருக்கிறவங்களுக்கு மீட்டரே போதும் சார். நமக்கு வேண்டியது இந்த ரெண்டு கோடிதான். இவங்களுக்கு ரோஸ் அதிகமில்லாமலும் அவங்களுக்குப் பச்ச அதிகமில்லாமலும் இருந்தா, காடி வாங்குற யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இந்தக் கண்ண வெளியில தேடினா கிடைக்காது."

மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டாவது நாற்காலி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த மேசையில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். நடுவில் அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்த ஒரு தடுப்பு. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க முடியாது, எழுதி முடிக்கும்வரை பேசவும் கூடாது. எல்லாத் திரைகளையும் அல்ல, ஐம்பதுக்கு ஒன்று என்று எடுத்து இருவரும் பார்க்கிறார்கள். தாளில் மூன்று கட்டங்கள்: இல்லை, சிகிட், பான்யாக். மலாயில் சிகிட் என்றால் கொஞ்சம், பான்யாக் என்றால் நிறைய. பஞ்சாலை தன் தாளில் ரோஸுக்குப் போடுவாள், கோமளா தன் தாளில் பச்சைக்குப் போடுவாள். இரண்டு தாளிலும் சிகிட் விழுந்தால் அந்த ஐம்பதும் தேறியது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் பிடிக்காமல் இருப்பதுதான் நல்ல திரை.

முதல் வாரம் பஞ்சாலைக்குப் பேனா நகரவில்லை. ரோஸ் அடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேறியது என்று கையெழுத்துப் போடுவது, உப்பு கூடிய குழம்பை நன்றாக இருக்கிறது என்று பரிமாறுவது போல இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. முட்டி வீக்கமும் வடிந்தது. வீட்டில் தொலைக்காட்சியை இராஜமாணிக்கத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். செய்தி வாசிக்கும் பெண் தினமும் வெயிலில் நின்றுவிட்டு வந்துதான் வாசிக்கிறாள். "என்னா, மாத்தலையா?" என்று அவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கு நல்லாருக்குல்ல, உடுங்க" என்றாள். அவர்தான் அதை நம்பாமல் அவள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திரை வந்தது. ஏற்றியதும் பஞ்சாலை அப்படியே இருந்துவிட்டாள். இடது பக்கம், வலது பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீலம் போட்டு அலசி வெயிலில் காயவைத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே வெள்ளை. புது மாடல் வந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமான திரையை அவள் பார்த்ததில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். எங்கும் ரோஸ் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கோமளா அதைப் பார்க்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. பார்த்தால் அவளுக்குப் பண்டான் தண்ணிதான் தெரியும் என்று பஞ்சாலைக்குத் தெரியும்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அந்தத் திரையில் கழிவுக்கான சிவப்புச் சீட்டை ஒட்டி, புனிதனைக் கூப்பிட்டாள்.

"மீட்டரப் பாரு. நகந்திருக்கும்."

"என்னாக்கா, ரோஸ் ரொம்ப அடிக்குதா?"

"அடிக்கவே இல்ல. அதான்."

புனிதன் கறுப்பு மூக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். அதன் முனையில் பசை ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அவன் சுரண்டி எடுத்து மறுபடி ஏற்றிய திரையில், இடது பக்கம் பாலில் ஒரு சொட்டு சிராப் விழுந்திருந்தது. பஞ்சாலை சிகிட் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.